நயாகராவுக்குப் போன சீயக்காய்

எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் பெண் என் அம்மா மார்த்தாள். மானாம்பதியில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நடுவதும் களை பறிப்பதும்தான் அம்மாவின் பிழைப்பு. நைனா, அதாவது எங்கள் அப்பா, செத்துப்போன பிறகு அந்தக் கூலியை வைத்தே என்னைப் பன்னிரண்டாவது வரைக்கும், அண்ணன் டேனியலை இன்ஜினியரிங் வரைக்கும் படிக்க வைத்தாள். நான் உத்திரமேரூரில் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறேன். அண்ணன் கனடாவில் டொரன்டோவில் இருக்கிறான். எங்கள் இரண்டு பேர் படிப்புக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவு.

அண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சாவதற்குள் பார்த்தே ஆகவேண்டிய இயற்கை அதிசயங்கள் என்று எவனோ சொல்லிவைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் போவான். ராத்திரி வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற ஊருக்குப் போனான். அமெரிக்காவில் பூமி பிளந்து கிடக்கிற பெரிய பள்ளத்தாக்குக்குப் போனான். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு போட்டோ. அதிசயத்தை இவன்தான் தூக்கி நிறுத்தினான் என்று நினைக்கத் தோன்றும். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா பள்ளமோ, இவன் ஓரமா நிக்காம இருந்தா போதும்" என்பாள்.

போன ஆவணி மாதம் அம்மாவையும் கனடாவுக்குக் கூட்டிப்போனான். "உலகத்துலயே பெரிய ஃபால்ஸ் காட்டறேம்மா, நயாகரா" என்று போனில் சொன்னான். வினையே அந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஃபால்ஸ் என்றால் குளிக்கிற இடம். யாரும் அதைச் சும்மா பார்த்துவிட்டு வருவதில்லை. நடவுக்காரப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வேன் பிடித்து ஒகேனக்கல் போனார்கள். தலை நிறைய எண்ணெய் வைத்து, பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, தண்ணீர் முதுகில் அறைய அறைய நின்று, பிறகு மீன் வறுவலோடு வயிறு முட்டச் சாப்பிட்டுத் திரும்பினார்கள். வருடம் முழுக்கச் சேற்றில் குனிந்த இடுப்புக்கு அதைவிட வைத்தியம் இல்லை என்று அம்மா இன்றும் சொல்வாள். அதனால் கனடா பெட்டியில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொடி, துண்டு எல்லாம் ஏறின. சீயக்காயை அரைத்து வந்தவள் நான். "எங்களுக்கும் சேத்து ஒரு முழுக்கு போட்டுட்டு வாக்கா" என்று தெருவே சொல்லி அனுப்பியது. ஃபால்ஸில் குளிக்கக் கூடாது என்று ஒரு ஊர் இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனே லீவு போட்டு அம்மாவைக் கொண்டுவந்து விட்டான். தெருவே வந்து உட்கார்ந்து கதை கேட்டது. அம்மா விமானத்தைப் பற்றிச் சொன்னாள், தானாகத் திறக்கும் கதவைப் பற்றிச் சொன்னாள், குளிரைப் பற்றிச் சொன்னாள். ஃபால்ஸ் என்றதும், "பெருசா கீது. நெறைய தண்ணி" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாளே நடவுக்குப் போனவளிடம் நிலத்துக்காரம்மா பவளம் வரப்பில் நின்றபடி, "இன்னா மார்த்தா, வெள்ளக்காரன் ஊரு ஃபால்ஸ்ல குளிச்சியா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அம்மா நிமிரவே இல்லை. முகம் சேற்றில் படுகிற அளவுக்குக் குனிந்து நட்டுக்கொண்டே போனாள் என்று கூட நட்டவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை நான் எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்தேன். சனிக்கிழமை எண்ணெய் வைக்காத அம்மாவை நான் பார்த்ததே இல்லை. என் கையைத் தட்டிவிட்டாள்.

"எண்ணெ வாணாம்."

"ஏம்மா, கனடாக்காரி ஆயிட்டியா?"

"எண்ணெ வாசன வந்தாலே கூசுதுடி."

அதற்குப் பிறகுதான் சொன்னாள். பின்பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, திருட்டுப் பொருளை ஒப்படைக்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

அன்றைக்குக் காலையில் அண்ணன் வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்து, மேலே ஒரு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டுதான் காரில் ஏறியிருக்கிறாள். குளிருக்குக் கட்டியிருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அங்கே போனதும், "இங்கயே நில்லும்மா, டிக்கெட் வாங்கிட்டு வரேன்" என்று போனான். அம்மா நிற்கவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டவளுக்கு முதுகு பரபரத்திருக்கிறது. கழிவறைக்குள் போய்ப் புடவையை அவிழ்த்துப் பையில் வைத்து, பாவாடையை ஏற்றிக் கட்டி, தோளில் துண்டும் கையில் சீயக்காய் டப்பாவுமாக வெளியே வந்துவிட்டாள்.

குளிக்க இறங்குகிற படியைத் தேடியிருக்கிறாள். படியே இல்லை. எங்கு பார்த்தாலும் இரும்புக் கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். ஒருத்தரும் நனையவில்லை. சாரல் படாமல் இருக்க உடம்புக்கு மேலே பிளாஸ்டிக் உறை வேறு. இவளைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. சில பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நல்ல மனுஷர்கள், வயதானவளுக்கு வழிவிடுகிறார்கள் என்று நினைத்து அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். நெற்றியில் எண்ணெய் வழிய, பாவாடையோடு, அத்தனை போனுக்கும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என் அம்மா.

அப்போது அண்ணனைப் பார்த்துவிட்டாள். அவன் ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய கம்பெனி மேனேஜர். குடும்பத்தோடு ஃபால்ஸ் பார்க்க வந்தவள் தற்செயலாக அவனைக் கண்டு நின்றிருக்கிறாள். அம்மா ஓடிப்போய், "கண்ணு, எங்கடா எறங்கறது?" என்று கேட்டாள். மேனேஜரம்மா இவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு அண்ணனிடம் ஏதோ கேட்டாள். அண்ணன் இங்கிலீஷில் பதில் சொன்னான். அதில் அம்மாவுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. ஒன்று வில்லேஜ். இன்னொன்று ஆன்ட்டி.

"ஊர்ல தெரிஞ்ச பொம்பளன்னு சொல்லிட்டாண்டி" என்றாள் அம்மா.

எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மாவுக்கோ கோபம் துளிகூட இல்லை. அவமானம் மட்டும்தான். "அத்தினி பேரு நடுவுல அவன் மூஞ்சி செத்துப் போச்சிடி. நா இல்ல அவன அசிங்கப்படுத்திட்டேன்? அப்பவும் சட்டுனு கோட்ட கழட்டி என் மேல போத்தினான், அத்தயும் சொல்லணும். யாருகிட்டயும் வாய தொறக்காத" என்றாள். எண்ணெய்க் கிண்ணம் அப்படியே ஆறிப்போனது.

அன்று மாலையே பெஞ்சமின் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "மார்த்தாம்மா, நாளைக்கு ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும். கர்த்தர் படைச்ச அதிசயத்த கண்ணால பாத்துட்டு வந்தவங்க நம்ம சபையில நீங்க ஒருத்தர்தான்" என்றார். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் எழுந்து, தனக்கு நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். அதற்குத்தான் சாட்சி என்று பேர். அம்மா என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

சாட்சியில் அம்மா ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டாள். காய்ச்சல் ஜெபத்தில் நீங்கியது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அம்மா எழுந்தால், ஜெபமும் பண்ணேன், சாலவாக்கம் ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டேன் என்று சேர்த்துச் சொல்வாள். அது அண்ணனுக்கும் தெரியும். பாஸ்டர் போனதும் குழாயடிக்கு என் பின்னாலேயே வந்தான்.

"ஷீபா, அம்மா அன்னிக்கி நடந்தத அப்டியே சொல்லிடுமா?"

"குளிக்கப் போனதயா?"

"அத சொன்னா பரவால்ல. சிரிச்சிட்டு போயிடுவாங்க."

"பின்ன எதுக்கு பயந்துக்கினு கீற? ஆன்ட்டின்னு சொன்னியே, அதுக்கா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாவுக்குதான் இங்கிலீஷ் தெரியாதே" என்றான். இத்தனை நாளும் அந்தத் தைரியத்தில்தான் இருந்திருக்கிறான்.

"ஆன்ட்டி இன்னா இங்கிலீஷாணா? நம்ம தெருவுல வூட்டுக்கு ஒரு ஆன்ட்டி கீது."

அப்படியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "வாய் தவறி வந்துடுச்சி ஷீபா" என்றான்.

"வாய் தவறினா அம்மான்னுதான் வரும்" என்றேன். வேண்டுமென்றே குத்தினேன், குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன். "சொல்லாதன்னு நீயே போயி அதுகிட்ட கேளு."

உள்ளே போனான். அம்மா அடுப்பின் முன் இருந்தாள். பக்கத்தில் நின்று, டீ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொள்ளப் பார்த்தான். அம்மா அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாள். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். நான் பெண்கள் பக்கத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் என் மனசு சொன்னது.

அம்மா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நா படிக்காதவ, தெரிஞ்சத சொல்றேன். நம்ம ஏரி ரொம்பி வழிஞ்சி கலங்கல்ல தண்ணி போவும்போது ஓடிப்போயி பாப்போம் இல்ல? அந்த மாரி நூறு ஏரி ஒண்ணா சேந்து ஒரே எடத்துல வுழுதுன்னு வெச்சிக்கோங்க. வுழுந்துக்கினே கீது. கொறையவே மாட்டுது. பூமி அதிருது. கர்த்தாவே, இவ்ளோ தண்ணிய இங்க வெச்சிட்டு எங்க ஊரு ஏரிய ஏன் காய வுட்டன்னு கேட்டுட்டேன். அதுக்கு மன்னிப்பும் கேட்டுக்கினேன்."

சபை சிரித்தது. அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்ததைச் சொன்னாள், பாவாடையைச் சொன்னாள், சீயக்காய் டப்பாவைச் சொன்னாள். நனையக் கூடாது என்று பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு தண்ணீர் பார்க்க வந்த ஜனத்தைச் சொன்னாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ என் மவனோட மேனேஜரம்மா அங்க நின்னுக்கினு இருந்தாங்க. வெள்ளக்காரம்மா. என் கோலத்த பாத்துட்டு, யாரு இதுன்னு என் மவன கேட்டாங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அண்ணன் தலை குனிந்திருந்தது. முன்வரிசை நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா மார்பிலிருந்த பைபிளை எடுத்துப் பக்கத்து மேஜைமேல் வைத்தாள். வெறுங்கையாய் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மவன் யோசிக்கவே இல்ல. 'இது எங்கம்மா'ன்னு சொன்னான். அவ்ளோ பேரு நடுவுல, நா அந்தக் கோலத்துல நிக்கும்போது, 'இது எங்கம்மா'ன்னு சொன்னான். உலகத்துல எவ்ளோ அதிசயம் வேணா இருக்கட்டும், நா பாத்த அதிசயம் அதான்."

சபை முழுக்க அல்லேலூயா எழுந்தது. கை தட்டினார்கள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று பாஸ்டர் மைக்கிலேயே சொன்னார். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அடக்கமான பையன் என்று என் பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பைபிளைக் கீழே வைத்தது ஏன் என்று எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரிந்தது. நேற்று அவனைக் குத்தினேனே, அது ஒன்றுமே இல்லை. அம்மா அவனைக் காப்பாற்றப்போய்க் கொன்றே விட்டாள்.

ஆராதனை முடிந்து வாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஸண்டே ஸ்கூல் நடத்தும் ஏஞ்சல் டீச்சர் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, எங்க புள்ளைங்களும் கத்துக்கட்டும். அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல எப்டி சொன்ன? அதே மாரி ஒரு தபா சொல்லு."

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நகரப் பார்த்தான். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் அவசரமாகத் திரும்பி, "வுடு டீச்சர், அவனுக்கு கூச்சம்" என்றாள்.

"பெத்த தாய சொல்றதுக்கு இன்னா கூச்சம்? சொல்லு தம்பி."

அவன் அம்மாவைப் பார்த்தான். ஊருக்கு வந்ததிலிருந்து அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"திஸ் இஸ் மை மதர்" என்றான். டீச்சருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார். மறுபடி சொன்னான்.

பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது மாதிரிக் கோரஸாகப் பிடித்துக்கொண்டன. திஸ் இஸ் மை மதர், திஸ் இஸ் மை மதர் என்று அம்மாவைச் சுற்றி நின்று, அவளையே கை காட்டிக் கத்தின. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மா என் காதருகே வந்தாள்.

"இது எங்கம்மான்றதுக்கு இங்கிலீஷ்ல அவ்ளோதானாடி?"

"அவ்ளோதாம்மா."

"கொஞ்சூண்டுதான் கீது" என்றாள். அண்ணன் காதிலும் அது விழுந்தது.