சீசன் நேரத்து வகுப்பு

மே மாதத்தில் ஏற்காட்டுக்கு மூன்று வகை ஜனம் ஏறிவரும். பூ பார்க்க வருகிறவர்கள், குளிருக்கு வருகிறவர்கள், இரண்டையும் அனுபவித்துவிட்டு அதற்குக் கல்வி என்று பெயர் வைக்கிறவர்கள். மூன்றாவது வகைக்கு ஒரு பல்கலைக்கழகம் பேனரே அடித்துக் கொடுத்திருந்தது. பணிபுரிவோருக்கான தொடர்கல்வி, விருந்தோம்பல் மேலாண்மைச் சான்றிதழ். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் லாட்ஜின் மாடி ஹாலில், முந்தின வாரத்துக் காதுகுத்துத் தோரணத்துக்குக் கீழேயே அதைக் கட்டினார்கள். மழைக்கு முந்தின காற்று வந்து அதை உப்ப வைக்கும், விடும். உப்ப வைக்கும், விடும். விருந்து தின்றுவிட்டுப் படுத்தவன் வயிறு மாதிரி.

இந்த மலையில் லாட்ஜிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கிறவர்களுக்காகத்தான் வகுப்பு என்று நோட்டீசில் போட்டிருந்தது. வைத்ததோ சீசன் சனி, ஞாயிறுகளில். சீசன் சனிக்கிழமை லீவு கேட்ட லாட்ஜ்காரனை ஏற்காட்டில் யாரும் பார்த்ததில்லை. தனக்கே கல்யாணம் என்றாலும் தாலியைக் கட்டிவிட்டு ரூம் திறந்துவிட ஓடிவந்துவிடுவான். இது ஏரியில் படகு விடுகிறவருக்குத் தெரியும், மிளகாய் பஜ்ஜி போடுகிறவருக்குத் தெரியும். விருந்தோம்பலை மேலாண்மை செய்யக் கற்றுத்தர வந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

ஆக, ஹாலை நிரப்பியவர்கள் கீழேயிருந்து வந்தவர்கள். பேங்க் ஊழியர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், சம்பள உயர்வுக்கு ஏதாவது ஒரு சான்றிதழ் தேவைப்பட்ட வாத்தியார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ரூமில், அப்பா ஹாலில், வெயில் ஏறினால் எல்லாருமே ஏரியில்.

எங்கள் லாட்ஜிலிருந்து சேர்ந்தது இரண்டே பேர். ஆள் கணக்குக் காட்ட முதலாளி பிடித்துத் தள்ளிய நான். தானாகக் கேட்டுச் சேர்ந்த ஒருத்தி. அவள் கிளியூர்க்காரி. ரூம் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. விரிப்பு, துண்டு, வெந்நீர் எல்லாம் அவள் பொறுப்பு. படி ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சாயங்கால ஷிப்டுக்கு ரிசப்ஷனில் ஆள் தேவைப்பட்டது. “சர்டிபிகேட்ட வாங்கிட்டு வா கண்ணு, அந்தச் சீட்டு உனக்குத்தான்” என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

“உக்காந்து செய்யற வேலைங்ணா. எனக்கு அது போதும்” என்பாள் என்னிடம்.

நடுவயதில் மறுபடி பெஞ்சில் போய் உட்காருவது சின்னக் காரியமில்லை. காலை எங்கே மடக்குவதென்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று பத்துப் பேருக்கு நடுவே சொல்ல வேண்டும். அந்தக் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே எழுந்து நின்று வரவேற்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தாரோ ரூம் வாடகை மாதிரி அதற்கும் சீசன் பார்த்தார்கள்.

ஹாலுக்கும் பேராசிரியர் குடும்பத்தோடு தங்கியிருந்த ரூமுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முதல் வாரம் பேராசிரியர் வருகை எடுத்து அவள் பேரைக் கூப்பிட்டபோது, அவள் அந்த ரூமில், அவர் குழந்தை கொட்டிய பாலைக் கட்டிலுக்கடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். குரல் சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. பதில் சொல்ல வாயைக்கூடத் திறந்தாளாம். அதற்குள் ஆப்சென்ட் போட்டாகிவிட்டது.

முக்கால்வாசி நாளாவது வகுப்புக்கு வந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். நான் பல்கலைக்கழகத்து ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன்.

“ஆடி மாசத்துல வைங்க சார். ரூமெல்லாம் காலியாக் கெடக்கும். எங்காளுக அத்தன பேரும் வருவாங்க.”

“ஆடியில மழையாச்சே சார். அப்ப வச்சா எந்தப் பேராசிரியர் மேல வருவார்?”

ஒளிவுமறைவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு நிமிஷம் மரியாதைகூட வந்தது. போனை வைத்ததும் போய்விட்டது.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டை அன்னப்பறவை போல மடிப்பது எப்படி என்று திரையில் படம் ஓடியது. எங்கள் லாட்ஜில் இரண்டாவது துண்டு கேட்டாலே முதலாளிக்கு ஜுரம் வந்துவிடும், இதில் அன்னம் எங்கே நீந்த? விருந்தினரின் கண்களால் பாருங்கள் என்றார் பேராசிரியர். விருந்தினர்களின் கண்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. அங்கே மூடுபனி வந்து சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாராவது ஒழுங்காக வேலை செய்தார்கள் என்றால் அந்தப் பனிதான்.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் ரூமில் ஹீட்டர் ஓடவில்லை. என்னவென்று பார்க்க நான் போனேன். அவள் பின்னாலேயே வெந்நீர் பக்கெட்டோடு வந்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் அலுத்துக்கொண்டார்.

“இந்த ஊர் ஓட்டல்காரங்களுக்குப் படிப்புல அக்கறையே இல்லப்பா. அவங்களுக்குன்னு மலையேறி வர்றோம், உன்ன விட்டா ஒருத்தர் எட்டிப் பாக்கல.”

அவள் பக்கெட்டை இறக்கினாள். “வந்திருக்கனுங்க சார். உங்க ரூமுக்குத்தான் வந்திருக்கேன்.”

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். “அட, நீ நம்ம ஸ்டூடண்டாம்மா! சொல்லக் கூடாதா? நாளைக்கு வகுப்புக்கு நீதானே டீ கொண்டுவருவே? கொண்டுவந்து எல்லாருக்கும் ஊத்து. அதையே செய்முறைப் பயிற்சின்னு வச்சு, விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து வருகை போட்டுடறேன்.”

படியில் இறங்கும்போது கேட்டாள். “ஏனுங்ணா, டீ ஊத்தறது படிப்புங்களா?”

“குடிக்கறது உத்தியோகமா இருக்கறப்ப, ஊத்தறது படிப்பா இருக்கக் கூடாதா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை டீ கேனையும் கோப்பைகளையும் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்துவிட்டாள். நேராக வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஊத்தும்மா” என்றார் பேராசிரியர்.

“வருகை போட்டுட்டீங்களா சார்?”

“போட்டாச்சு, போட்டாச்சு.”

“அப்ப பாடத்த நடத்துங்க சார். கேக்கறேன்.”

பின்னாலிருந்து ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், “அம்மிணி, டீ ஆறுதுங்க!” என்று கத்தினார். சிரிப்பு.

அவள் திரும்பாமலே சொன்னாள். “கேன் அங்கதானுங்க இருக்குது, ஊத்திக்குங்க. நொம்ப சுலபமான பாடம்.”

பேராசிரியர் அன்றைக்குப் பாடம் எதுவும் தயார்செய்து வரவில்லை. டீ முடிந்ததும் வகுப்பைக் கலைத்துவிட்டுப் படகுக்குப் போவதாகத் திட்டம். கதவை இடித்துக்கொண்டு, “அப்பா, படகு” என்று குழந்தை கேட்டது. “வருகைதான் போட்டாச்சேம்மா, நீ கிளம்பலாமே” என்றார் பேராசிரியர் அவளிடம். அவள் எழுந்திருக்கவில்லை. முதலாளி வாசலில் தலையை நீட்டினார். “கண்ணு, மூணு ரூம் காலியாகுது.” “வகுப்புல இருக்கனுங்க” என்றாள். ஹாலை வாடகைக்கு எடுத்தவர் முன்னால் அதட்ட முடியாமல் அவர் நீட்டிய தலையை இழுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் பேராசிரியர் தன் கையால் ஊற்றிக்கொண்டு, பாடப் புத்தகத்தைத் திறந்து, உச்சி வெயில் வரைக்கும் ஒருத்திக்காகப் படித்தார். மோசமாகப் படித்தார். அவள் ஒரு வரி விடாமல் கேட்டாள்.

பரீட்சை எழுதினாள், தேறினாள். சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்தபோது சாயங்கால நாற்காலியில் முதலாளியின் மச்சான் மகன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அத்தை வீட்டில் பட்டம் பெற்றவன்.

முதலாளிக்கு உண்மையிலேயே சந்தோஷம். அன்றைக்கே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசப்ஷன் சுவரில் ஆணியடித்து மாட்டினார். “பாருங்க, நம்ம ஸ்டாப் யுனிவர்சிட்டி பாஸுங்க” என்று வந்த விருந்தினரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவளிடம், “நீ மேல போ கண்ணு. படிச்சவ கைபட்டா ரூமே தனிக் களையா இருக்கும்” என்றார்.

அவள் சட்டத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். ரூம் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அந்தச் சர்டிபிகேட்டையே மேல அனுப்புங்க. போர்வ மடிக்கட்டும்.”

கத்தவில்லை. மூட்டு வலியோடு மெதுவாகத்தான் வாசற்படி இறங்கினாள். பஜார் பக்கம் பனி அவளை வாங்கிக்கொண்டது.

இப்போது குப்பனூர் ரோட்டில் ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறாள். என்ன படித்திருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம், எப்போதிருந்து வருவாய் என்று மட்டும் கேட்டார்களாம். எங்களிடம் ரூம் நிறைந்துபோனால் ஆட்களை அங்கேதான் திருப்பிவிடுகிறேன். மச்சான் மகன் முறைப்பான், முறைக்கட்டும். போன் போட்டால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள்.

“சொல்லுங்ணா,” என்பாள். “உக்காந்துட்டுத்தான் இருக்கேன்.”