பாகூர் கொம்யூனில் கைகுலுக்கும் வழக்கம்

1958 மாசியில் பாகூருக்குப் போனதற்கு ஏரி ஒரு சாக்குதான். உண்மைக் காரணம் நண்பர் சாமிநாதன். தஞ்சாவூர்க்காரர். பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்துவிட்டுப் போன கொம்யூன்களுக்கு, அதாவது ஊராட்சி வட்டாரங்களுக்கு, இந்திய அரசு அனுப்பிய அதிகாரிகளில் ஒருவர். "இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். அதை நேரில் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் வராது?

புதுச்சேரியிலிருந்து காலை ஏழு மணி கடலூர் பஸ். கட்டணம் ஐம்பது நயா பைசா. கன்னியக்கோவிலில் இறங்கி மேற்கே இரண்டரை மைல் மாட்டுவண்டி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், ஏரி பாக்கவா? ஏரில தண்ணி கெடக்குது. கடைமடைக்குத்தான் வரல."

அவர் சொன்னது சரிதான். வாய்க்கால் முழுக்கக் கோரை மண்டிக் கிடந்தது. கடைசி வயல் அஞ்சலை என்ற பெண்ணுடையது. தனியாளாகப் பயிர் வைத்திருந்தார். நெல் கதிர் வாங்கும் சமயத்தில் மண் வெடித்திருந்தது. "நாலு நாள்ல தண்ணி வரலன்னா மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டிதான்" என்றார்.

அன்று மாலையே சாமிநாதன் கூட்டம் போட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாளைக் காலை எல்லாரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை வெட்ட வேண்டும் என்று அழகாகப் பேசினார். "சரிங்க" என்று எல்லாரும் கலைந்தார்கள். மறுநாள் வாய்க்காலுக்கு வந்தது சாமிநாதன், நான், அஞ்சலை, சில கொக்குகள்.

"எல்லாரும் சரி என்றார்களே!" என்று சாமிநாதன் குதித்தார்.

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரின்னாங்க. யாரு கையாவது புடிச்சீங்களா சார்? எங்க மேரு, அதான் கொம்யூன் தலைவரு, கூட்டம் போட்டா ஒவ்வொருத்தர் கையா புடிப்பாரு. கை குடுத்தா வந்தே ஆவணும். இல்லன்னா கேட்டுக்கினு போறதுதான்."

சாமிநாதன் பழகிய அலுவலகங்களில் தள்ளி நிற்பதுதான் மரியாதை. இங்கே கையைப் பிடிக்காத பேச்சு வெறும் பேச்சு. கைகுலுக்குவதைக் கற்றுக்கொடுத்தது பிரெஞ்சுக்காரன். அதைச் சத்தியமாக மாற்றிக்கொண்டது இந்த மக்கள். கையெழுத்தும் கட்டளையும் இல்லாமல் ஒரு ஊரே இப்படிக் கட்டுப்படுவது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

மாலையில் மறுபடியும் கூட்டம். சாமிநாதன் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே போனார். கூலியாட்களிடம் வந்தபோது அவர் கை ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். தொட்டால் தலை முழுகும் வீட்டில் வளர்ந்தவர். பிறகு நீட்டிவிட்டார். அஞ்சலைக்கு மட்டும் கும்பிடு போட்டார். அஞ்சலையோ நீட்டிய கையை மடக்கவில்லை.

"நானும்தான சார் மம்முட்டி தூக்கணும்?"

சாமிநாதன் அந்தக் கையையும் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போவார் என்று நினைத்தேன். நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். நண்பர்மேல் அப்படி ஒரு மதிப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

விடிந்தபோது கரையெல்லாம் மண்வெட்டிகள். பொழுது சாய்வதற்குள் அஞ்சலையின் வயலில் தண்ணீர் ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு: பாகூரில் சாப்பாட்டுக் கடையை நம்பாதீர்கள், கட்டுச்சோறு கொண்டுபோங்கள். நடுப்பகலில் கொம்யூன் ஆபீஸ் பூட்டியிருக்கும். யாராவது கை நீட்டினால் யோசித்துப் பிடியுங்கள். நான் புறப்படும்போது அஞ்சலை, "அடுத்த மாசிக்கு வாய்க்கா வெட்ட வர்றீங்களா சார்?" என்றார். விளையாட்டாகக் கையை நீட்டினேன். அவர் சிரிக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது ஒரு மண்வெட்டி வாங்க வேண்டும்.