ஃபாண்டையும் சேர்த்துத் துடைத்த நாள்

கடையிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு என்னைத் தனியாக அனுப்பிய முதல் நாள். அதற்கு முன் லாரியில் கிளீனர், பரோட்டாக் கடையில் கையாள், நாக்பூரில் ஆரஞ்சு லோடு ஏற்றும் வேலை. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஓர் ஊரில் ஆறு மாதம் தங்கியதில்லை.

மதுரை ஆனையூரில் எஸ்தர் டீச்சர் வீடு. மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் திறந்ததும் விளம்பரங்கள் குதித்தன.

"வேண்டாதது அம்புட்டையும் எடுத்துருங்க தம்பி. பாதியில விடாதீங்க."

கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. கடையைக் காலி செய்தபிறகும் போர்டு தொங்குவதுபோல மிச்சம் கிடக்கும். ப்ரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா, டெம்ப், ரெஜிஸ்ட்ரி என்று தேடித் தேடி அழித்தேன். நடுவில் சிடி காலத்துத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒன்று. இதில் இப்போது யார் அடிக்கிறார்கள்? அதையும் எடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் ஃபேன் சத்தம் அடங்கி, திரை காலைநேரக் கண்மாய்போலக் கிடந்தது.

டீச்சர் டீயை வைத்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்தார். மகள் கல்யாணத்துக்குச் சர்ச்சில் கொடுக்கும் ஆராதனை முறைமை, பாட்டும் ஜெபமும் வரிசையாக. ஒரு மாதமாக அடித்தது. அன்று மாலைக்குள் சிம்மக்கல் அச்சகத்துக்குப் போக வேண்டும். திரையில் தமிழே இல்லை. வாலும் புள்ளியும் வைத்த இங்கிலீஷ் எழுத்துகள்.

"என்ன தம்பி, மாப்ள வீட்டுக்காரங்க வெளிநாட்டுலருந்தா வாராங்க?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வேற காப்பி இல்ல தம்பி."

"பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒண்ண எடுத்துட்டேன். அதோட சிடி இருக்கா டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரர் வாங்குனது. அவரும் இல்ல, சிடியும் இல்ல."

ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, "அச்சகத்துல கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினேன். முதலில் வந்தது மாட்டுத்தாவணி பஸ். அங்கே போனால் எந்த ஊருக்கும் பஸ் ஏறிவிடலாம். படியில் ஒரு கால்கூட வைத்தேன். இறங்கிவிட்டேன்.

சிம்மக்கல் பஸ்ஸில் கண் சொக்கியது. வெயிலில் கடைப் போர்டுகள் எல்லாம் வாலும் புள்ளியுமாக மிதந்து போயின. நாக்பூரில் இப்படித்தான், படிக்கத் தெரியாத போர்டுக்கு அடியில் நின்று எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

அச்சகத்தில் டிடிபியில் பக்கம் அமைக்கும் செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். ஃபைலைத் திறந்தாள். அதே வால், அதே புள்ளி. எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஃபாண்டு பட்டியலில் ஒரு பெயரைத் தட்டினாள். எழுத்துகள் தூக்கத்திலிருந்து எழுவதுபோல அசைந்தன. 'மணமகள்' என்ற சொல் முதலில் கண்ணில் பட்டது.

"எழுத்து எங்கயும் போகலண்ணே. நீங்க எடுத்த சாஃப்ட்வேர் அதோட ஃபாண்டையும் கூட்டிட்டுப் போயிருச்சு. இதுக்கா இம்புட்டு வேர்க்குது?"

ஃபைலை அச்சுக்கு அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த ஃபாண்டைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு ஆனையூர் திரும்பி, டீச்சர் கம்ப்யூட்டரில் போட்டேன். டீச்சர் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்து முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"எடுங்கன்னு சொன்னேன். எதைன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: கை வைக்கும் முன், அவர்கள் தினமும் திறக்கும் ஃபைல்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முடித்தபிறகும் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எதற்கென்று தெரியாத சாஃப்ட்வேரை அவர்களிடம் கேட்காமல் நீக்காதீர்கள்.

அந்த ஃபாண்டு இன்னும் என் பென் டிரைவில் இருக்கிறது. நானும் இன்னும் மதுரையில்தான் இருக்கிறேன்.