கனகவல்லி பார்த்த கோதாவரி

கனகவல்லி இறந்துவிட்டார் என்பதை அலுவலக வாசல் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். மாரடைப்பாம். எங்கள் டைப்பிஸ்ட். மாலையில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். ஹெட் கிளார்க் ஏகாம்பரம் எழுந்து, "அந்தம்மாவுக்கு ஊர் உலகத்தைக் காட்டினதே நாங்கதான்" என்றார். காட்டிய லட்சணத்தை அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்கிறேன்.

இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவர் கனகவல்லி. பௌர்ணமிதோறும் எங்கள் திருவண்ணாமலையில் ஊரே மலையைச் சுற்றும். அவர் ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. எழுபதுகளின் கடைசியில் அலுவலகத்தார் ஆந்திரா போகத் திட்டமிட்டபோது, கோயில் கோயிலாகப் பஸ்ஸில் ஏறி இறங்குவது என்றார்கள். அது அவரால் ஆகாது. ராஜமுந்திரியிலிருந்து பத்ராசலத்துக்குக் கோதாவரியில் லாஞ்ச் போகிறது, அதில் போகலாம் என்றார். "நான் உக்காந்துக்கினு இருக்கேன் சார். ஊரு என் முன்னால நடந்து போவட்டும்." ராமரையும் பார்த்ததாகும் என்று ஏகாம்பரம் தலையாட்டினார்.

லாஞ்சில் ஏறியதுமே அசிங்கம் ஆரம்பித்தது. புளிசோறு தின்ற இலைகளை ஆற்றில் எறிந்தார்கள். வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்கள். அதே தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு கோவிந்தா போட்டார்கள். அப்புறம் சீட்டாட்டம். கரையை ஒருவரும் பார்க்கவில்லை. கனகவல்லி மட்டும் இடது ஓரத்தில் உட்கார்ந்து, துணி துவைக்கிற பெண்களையும் தண்ணீருக்கு இறங்கும் எருமைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். "ஊரு ரோட்டுக்கு மூஞ்சியைக் காட்டுது. பொழப்பெல்லாம் ஆத்துப் பக்கம்தான் நடக்குது, பாத்தீங்களா?" என்றார் என்னிடம்.

நடுப்பகலில் மலைகள் நெருங்கின. இடப்புறம், உச்சியில் கோயிலோடு ஒரு மலை. நம் ஆட்களுக்கு உடனே திருவண்ணாமலை ஞாபகம் வந்துவிட்டது. மலை வலக்கைப் பக்கம்தான் இருக்கவேண்டுமாம். படகை அந்தப் பக்கமாகச் சுற்றி ஓட்டச் சொல்லி ஓட்டுநரிடம் சண்டை. மலைக்கு அந்தப் பக்கம் ஆறே இல்லை என்று அவர் தெலுங்கில் கத்தித் தலையில் அடித்துக்கொண்டார். ஏகாம்பரம் இடப்புறப் படுதாவை இறக்கி முடிச்சுப் போட்டார். கனகவல்லியின் முகத்துக்கு நேரே அழுக்குக் காக்கித் துணி. தூ, இதெல்லாம் ஒரு பக்தி!

"தூக்குங்க சார். இதுக்குத்தானே வந்தேன்."

"இடப்பக்கமா மலையை வெச்சிக்கினு போறது ஆவாதும்மா, தோஷம். திரும்பி வரும்போது வலப்பக்கமா வரும், பாத்துக்கலாம்."

திரும்புவதற்குப் பத்ராசலத்தில் பஸ் பேசியிருந்தது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

கனகவல்லி கம்பியைப் பிடித்து எழுந்தார். முடிச்சை அவிழ்த்தார். பாய்ந்து வந்த ஏகாம்பரத்திடம் நிதானமாகச் சொன்னார்: "மலை சுத்தினவங்க எல்லாம் கண்ணை மூடிக்குங்க சார். நான் சுத்தினதே இல்ல. எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்."

படுதாவைச் சுருட்டித் தோளில் தாங்கிக்கொண்டு, நல்ல காலில் நின்றபடியே மலை முழுவதையும் பார்த்தார். பின்னால் ஆபீஸே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். காட்டினவர் யார் என்று இனி யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவேண்டாம். அந்த மலையை எனக்குக் காட்டியவர் கனகவல்லி.