ராயப்பனின் விசிலும் என் தலைமையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் ராயப்பனோடு ஒரு பகல் முழுக்கக் கல்வராயன் மலையிலிருந்து நடந்து இறங்கியிருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவன். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ராயப்பன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சீட்டு காலியாக இருந்தாலும் பின்படிக்கட்டில்தான் நிற்பார். "முன்னாடி போ, முன்னாடி போ" என்று கத்திக் கத்தி அவர் குரலே கரகரத்துவிட்டது. வீட்டிலும் வாசற்படியில் நின்றபடிதான் சாப்பிடுவாராம்.

போன வருஷம், எண்பத்தேழு புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அது தொடங்கிய அன்று அவருடைய பஸ் கரியாலூரில் இரவு தங்கியிருந்தது. விடிந்ததும் சேதி வந்தது: கீழே புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள், வண்டி இறங்க முடியாது. அன்றைக்கே சாயங்காலப் பூசையில் அவர் மகள் ஏஞ்சலினுக்குக் கல்யாணம். மாதா கோயில் மலையடிவாரத்தைத் தாண்டி அவர் ஊரில் இருந்தது. மாற்று ஆள் வராததால் முந்தின நாள் வேலைக்கு ஏறி வந்து மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸுக்காக நின்ற ஏழெட்டுப் பேரும் நடந்தே இறங்குவது என்று முடிவானது. நான் ப்ளஸ் டூவில் கணக்கில் தோற்று, அப்பா முகத்தில் விழிக்காமல் இருக்க மாமா வீட்டுக்கு வந்திருந்தவன். பள்ளிக்கூட முகாம் ஒன்றில், தலைவன் முன்னால் நடப்பான், தயங்கமாட்டான் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அறியாத விஷயத்தில் தயங்காமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

"சார், அந்த விசிலக் குடுங்க. நான் முன்னாடி போறேன். அஞ்சு மணிக்கு உங்கள கோயில்ல சேத்துட்றேன்."

"விசிலு டிப்போ சொத்து தம்பி. நீ முன்னாடி போ. வழிய மறிச்சிக்கினு நிக்காத."

போனேன். ஒற்றுமை, வேகம், கட்டுப்பாடு என்று உரக்கப் பேசிக்கொண்டே போனேன். பின்னால் ஒரு விசில் கேட்டது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. பஸ் ஏறிப் பழகியவர்கள் ஏன் என்று கேட்காமல் நின்றுவிட்டார்கள். தலைவன் மட்டும் நிற்கவில்லை. இரண்டு வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தபோது என் பேச்சைக் கேட்க ஒரு பாறைதான் இருந்தது.

திரும்பி ஏறினேன். சந்தைக்குக் கடுக்காய் மூட்டை கொண்டுபோகும் சாலம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடு வாங்க வந்த ராமசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தலைவரே, தனியா பேசிக்கினு போனியே, எவனாச்சும் கைதட்னானா?"

நான் ராயப்பனிடம் ரகசியமாகச் சொன்னேன். "சார், நாம வேகமா போயிடலாம். இந்தம்மா மெதுவா வரட்டும். உங்க பொண்ணு கல்யாணம் சார்."

அவர் சூரியனைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "டிக்கெட்ட எறக்காம கண்டக்டரு எறங்குவானா?"

"நான் இன்னும் டிக்கெட்டே வாங்கலியே" என்றார் சாலம்மாள்.

"வாங்குவ. எங்க போவப்போற?"

மூட்டை என் தலைக்கு வந்தது. அதன்பின் நான் பேசவில்லை. மூச்சு போதவில்லை. சாலம்மாள் உட்காரும்போதெல்லாம் ஒரு விசில், எழுந்தால் இரண்டு. வெயில் சாயச் சாய ராயப்பன் சூரியனைப் பார்ப்பது ஜாஸ்தியானது. ஆனால் கடைசி ஆளாகத்தான் வந்தார்.

அடிவாரத்துக்கு வந்தபோது அவர் இரண்டு விசில் அடித்தார். வெட்டிப்போட்ட மரத்தருகே இருந்த மறியல்காரர்கள், ஏதோ பஸ் வருகிறது என்று கம்புகளோடு ஓடிவந்தார்கள். முதலில் அகப்பட்டவன் முன்னால் போன நான்தான்.

"எங்கடா பஸ்ஸு?"

காலையிலிருந்து தயாரித்த பேச்சைத் தொடங்கக் கையை உயர்த்தினேன். மூட்டை நழுவிக் கடுக்காய்கள் ரோடெல்லாம் உருண்டன. அதற்குள் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டார்கள். ஒருவன் ராயப்பனின் காலரைப் பிடித்தான். "மறியல் நடக்கசொல்ல வண்டி எடுத்தியா?"

சாலம்மாள் நொண்டிக்கொண்டே உள்ளே புகுந்தார். "இன்னா வண்டி? என் முட்டிதான்டா வண்டி! காலைலேர்ந்து விசிலடிச்சி ஓட்டிக்கினு வராரு. அவரு பொண்ணுக்கு இன்னைக்குக் கண்ணாலம். கைய எட்றா!"

காலரைப் பிடித்தவனே முதலில் சிரித்தான். "நடந்து போறவங்கள நாங்க மறிக்கல ஆயா." அவனே தன் சைக்கிளையும் கொண்டுவந்தான். ராயப்பன் ஏறவில்லை. எல்லாரும் மரத்தைத் தாண்டி, கடைசியாகச் சாலம்மாளையும் தூக்கிவிட்ட பிறகுதான் கேரியரில் உட்கார்ந்தார். மிதித்தது நான்.

கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. ஏஞ்சலின் கல்யாணப் புடவையில் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வராமல் உள்ளே வரமாட்டேன் என்று சாமியாரையே காக்கவைத்திருந்தாளாம்.

"மணி இன்னா ஆவுது! சாமி ரெண்டு தரம் ஆளனுப்பிட்டாரு!" என்று திட்டினாள். திட்டும்போதே அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றாள்.

"எங்களுக்குத் தலைவரு கண்ணு" என்றார் ராயப்பன், சிரிக்காமல்.

நான் மறுக்கவில்லை. மறுக்கவும் மூச்சு வேண்டுமே. அவள் "சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பூசை தொடங்கியது.