அண்ணனின் திறந்த காரும் என் பொறாமையும்

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவராக இருந்த அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனின் நல்ல குணங்களை மற்ற பக்கங்களில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். அவரைப் பார்த்து ஆயுள் முழுக்க வயிறெரிந்தவன் என்ற முறையில் எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன்.

அண்ணன் பிறந்தது திருவரங்குளத்தில். நான்கு ஆண்டுகள் கழித்து நானும் அங்கேதான் பிறந்தேன். அந்த நான்கு ஆண்டுகளைக் கடைசிவரை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அப்பா காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். மறுவாரமே படிப்பை நிறுத்திவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். அவர் உழைப்பில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன், மஸ்கட் போனேன். ஆனாலும் ஊரில் யாரும் என்னை டிப்ளமோ படித்தவன் என்று சொன்னதில்லை. பட்டறைக்காரர் தம்பி என்றுதான் சொன்னார்கள். நன்றியோடு இருக்க வேண்டியவன் எரிச்சலோடு இருந்தேன்.

சொந்தப் பட்டறை வைத்த பிறகு, ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த பழைய கார் ஒன்றை அண்ணன் கயிறு கட்டி இழுத்துவந்தார். அதற்கு மேலே தகரம் கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் மடக்கிப் போடுகிற துணிக் கூரைதான். அதை ஹூட் என்பார்கள். எட்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டி ஓட வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சுற்று வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அண்ணன் கார்தான். மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே வண்டியில்தான் ஊர்வலம் போவார்கள். அண்ணன் யாரிடமும் வாடகை வாங்கியதில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தானே ஓட்டுவார்.

என் மாப்பிள்ளை அழைப்பும் அதில்தான் நடந்தது. அன்று பிற்பகல் நல்ல மழை. மழை விட்டதும் ஹூட்டை மடக்கி என்னைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். சீட்டு ஊறிப்போய்க் கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்த நொடியில் பட்டுவேட்டி நனைந்துவிட்டது. கோயிலிலிருந்து மண்டபம் வரை அந்த ஈரத்தில் உட்கார்ந்தபடி எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு வந்தேன். தெரு நெடுக ஆட்கள் கையை ஆட்டினார்கள். எனக்கல்ல, அண்ணனுக்கு. "அண்ணே, வண்டி ஜம்முன்னு இருக்குண்ணே" என்று ஒருவர் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனார். தன் கல்யாணத்தில் வண்டி ஓட்டியவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹூட்டை மூடியிருந்தாலும் சீட்டை நனைக்கிற அந்த ஒழுகலை அண்ணன் நிறுத்தப் பார்க்காத வருடமில்லை. தையலுக்கு மேல் மெழுகு தடவினார். பழைய டியூபை வெட்டி ஒட்டினார். சிலிக்கான் பசையைக் குழாய் குழாயாகப் பிதுக்கினார். மூன்று தடவை ஹூட்டையே மாற்றினார். ஒவ்வொரு ஐப்பசியிலும் பின் சீட்டு நனைந்தது. ஊரில் எந்த இன்ஜினையும் சத்தத்தை வைத்தே குறை சொல்லிவிடுகிற மனிதர் இதில் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

நான் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் காரின் டயர்கள் நான்கும் வெடிப்பு விட்டிருந்தன. அந்த அளவு டயர் இப்போது வருவதில்லை. அண்ணன் அங்கிட்டும் இங்கிட்டும் விசாரித்துக்கொண்டிருந்தபோது, நான் அவரைக் கேட்காமல் திருச்சிக்குப் போய்ப் பளபளவென்று நான்கு அலாய் வீலும் அகலமான டயர்களும் வாங்கி வந்தேன். வண்டியில் என் கைவரிசை ஏதாவது ஒன்று தெரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அழகாத்தான்டா இருக்கு. ஆள ஏத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு மாட்டுவமா?" என்றார்.

"போல்ட் ஓட்டை சரியா இருக்குல்லண்ணே? அப்பறம் என்ன பாக்குறது?" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நான்கையும் மாட்டினார்.

அந்த வாரமே நார்த்தாமலையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பின்னால் நான்கு பேர் ஏறியதும் வண்டி அமுங்கி, மட்கார்டு டயரில் உரச ஆரம்பித்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒரு திருப்பத்தில் டயர் கிழிந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்தார். நான் முன் சீட்டில் அசையாமல் இருந்தேன். அண்ணன் இறங்கி மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், "தப்பு என்னுதுதாங்க. ஆள ஏத்திப் பாக்காம டயர மாட்டிட்டேன்" என்று கைகூப்பினார்.

அவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒத்துக்கிற மனுசன எங்கங்க பாக்க முடியும்?" என்று சொல்லி முதல் பந்தியில் தனக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். நான் கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். என் தப்பிலும் அவர் பேர் வாங்கிவிட்டாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அண்ணன் பழைய டயரின் உயரத்தை நூல் பிடித்து அளந்தார். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பாரம் தாங்கும் எண்ணைப் பார்த்து, ஒரு சிறிய வேனின் ஒடுக்கமான டயரையும் சாதாரண இரும்பு ரிம்மையும் தேடிப் பிடித்தார். பின் சீட்டில் மணல் மூட்டைகளை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகே நட்டை இறுக்கினார். இன்றும் அந்த டயர்கள்தான்.

நுரையீரல் நோயில் அண்ணன் ஐந்து மாதம் படுத்திருந்தார். மூச்சு விடவே சிரமப்பட்ட நாட்களிலும் வாசலில் நின்ற காரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மழை பிடித்தது. "சீட்டு நனையும்டா" என்றார்.

"நான் சரி பண்றேண்ணே."

"ஒனக்கு அதுக்குப் பொறும பத்தாதுடா தம்பி. விட்டுரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பத்தாம் நாள் அண்ணன் போய்விட்டார். நான் செய்து காட்ட வேண்டியதை அவர் இருக்கும்போதே செய்து காட்டாமல் விட்டுவிட்டேன்.

காரியங்கள் முடிந்து சில மாதம் கழித்து, கோட்டைப்பட்டினத்தில் படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பாய் ஒருவரைத் தேடிப் போனேன். புது ஹூட்டை அவரே தைத்து எடுத்துவந்து மாட்டினார். "இந்தத் தையல்ல ஒரு சொட்டு எறங்குனாலும் தொழில விட்டுர்றேங்க" என்றார். முதல் மழையில் பின் சீட்டு வழக்கம்போல நனைந்தது. நான் ஹூட்டின் உட்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். துணி காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் குற்றம் துணியில் இல்லை.

பின் சீட்டைக் கழற்றினேன். ஹூட் மடங்கி உட்காருகிற இடத்தில் ஒரு தகரக் கால்வாய் ஓடுகிறது. மேலே விழுகிற மழைநீர் அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள சின்னக் குழாய் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். இரண்டு குழாயும் அடைத்திருந்தன. போக வழியில்லாத தண்ணீர் நிரம்பிச் சீட்டில் வழிந்திருக்கிறது. கம்பியை விட்டு மூன்று நாள் குத்திக் குத்தி எடுத்தேன். மக்கிய ரோஜா இதழ், மல்லிகைச் சரத்து நார், ஜிகினாத் தாள், மஞ்சள் போகாத அட்சதை அரிசி எல்லாம் கறுப்புக் களியோடு வந்தன. முப்பது வருடக் கல்யாணங்களில் பேர் வாங்கியவர் அண்ணன், குப்பையை அள்ளியவன் நான்.

பிறகு ஹூட்டை மூடி, பின் சீட்டை மாட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் மகளை மேலிருந்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் அடித்தாள். ஒரு சொட்டு இல்லை. "அண்ணே, நின்னுருச்சுண்ணே" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்தார்கள். "அவுக இருந்திருந்தாலும் நீங்கதான் சரி பண்ணீங்கன்னு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாக தம்பி" என்றார்கள். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக அண்ணனை ஜெயித்திருக்கிறேன், பார்க்க அவர் இல்லை. காய்ந்த சீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்த பட்டறைத் தோழர்களுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், பேச்சு மாறாத கோட்டைப்பட்டினத்து பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் எல்லோரிடமும் ஓர் உதவி கேட்கிறேன். நினைவு நாளன்று வண்டி வாசலில்தான் நிற்கும். மாதமும் ஐப்பசி, எப்படியும் மழை வரும். யாராவது பின் சீட்டில் சற்று உட்கார்ந்து பாருங்கள். நனையவில்லை என்றால், உள்ளே அண்ணனின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "ஒங்க தம்பி சரி பண்ணிட்டான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்.