பூஜையில் ஏறிய ஆயில் சீல்

என் மனைவி நீரஜாவை யாராவது "அடக்கமான பொண்ணு" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லித்தருகிறாள், புடவை கட்டிக்கொண்டு போகிறாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறாள். எல்லாம் சரி. ஆனால் மயிலாப்பூருக்குப் பால் பாக்கெட் வரும் முன்பே மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பெருங்குடி வரை போய், அங்கே மண்மேடுகளில் ஏறி இறங்கி, முழங்கையில் சிராய்ப்போடு திரும்புகிறவளை அடக்கம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்தச் சைக்கிளை அவளுடைய சித்தப்பா மகன் அச்யுத் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, திரும்பும்போது அவளிடமே விட்டுவிட்டுப் போனான். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்கூட்டரில் இருப்பதுபோல் ஷாக் அப்சார்பர். குழாய்க்குள் குழாய், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். எண்ணெய் வெளியே வராமல் பிடித்துவைப்பது குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல்.

என் அம்மா கோமளம் அந்தச் சைக்கிளை மூன்று வருஷமாக ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடத்தில் அது நிற்கிற பக்கம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நீரஜாவுக்கு அந்த முகத்திருப்பல்தான் தாங்கவில்லை.

1997 அக்டோபரில் கோத்தகிரியில் ஒரு சைக்கிள் சங்கம் மலைப்பாதைப் போட்டி வைத்தது. பெண்களுக்கு முதல் முறையாகத் தனிப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை போட்டி, சனிக்கிழமை மத்தியானம் சைக்கிள் சோதனை. நீரஜா பெயர் கொடுத்து ஒரு வாரம் ஆவதற்குள் இரண்டு சீலும் தேய்ந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கசிகிற வண்டியைச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தப்பித்தவறி விட்டாலும், எண்ணெய் சக்கர விளிம்பில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து பார்சல் வருவதற்குள் தீபாவளியே வந்துவிடும். நீரஜா கல்லூரி லேபிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து பழைய சீலை அளந்தாள். தேனாம்பேட்டை ஸ்கூட்டர் மெக்கானிக் கையை விரித்தார். ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஸ்கூட்டர் சீல் பெரிசு, மொபெட் சீல் சிறிசு. வியாழக்கிழமை சாயங்காலம், மாடிப்படிக்குக் கீழே பொந்து மாதிரி ஒரு கடை. அதை நடத்துகிற ஜமீலுன்னிசா அம்மாள் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடினார்.

"இந்தா, அளந்து பாரு. பம்பு செட்டு சீலு. ரெண்டே ரெண்டுதான் கீது."

வெர்னியர் சரியென்றது.

"கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"எங்கேருந்து நைனா? பம்பாய்க்கு எழுதிப் போடணும். பத்திரமா வச்சுக்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூஜை. அன்று சாயங்காலம் கிளம்பி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் நீரஜா பின்கட்டில் உட்கார்ந்து முன்பக்கத்தை முழுக்கப் பிரித்தாள். ஸ்பூன் காம்பால் பழைய சீல்களை நெம்பி எடுத்தாள். குழாய்களைத் துடைத்து, ஸ்பேனர்களையும் புது சீல்களையும் ஒரு வேஷ்டித் துண்டில் பரப்பிவிட்டு, பூஜைக்காகக் குளிக்கப் போனாள். நான் மாட வீதிக்குப் பொரி வாங்கப் போனேன்.

திரும்பி வந்து கூடத்தில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வழக்கமாகப் பூஜையில் வைக்கிற வீணை, புத்தகங்கள், தையல் மிஷின் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு முன்னால் கோலம் போட்ட மணை. அதில் ஸ்பேனர்கள் வரிசையாக, பக்கத்தில் இரண்டு குழாய்கள், நடுவில் ஒரு வெற்றிலையில் இரண்டு சீல்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளு பூ.

ஈரத்தலையோடு வந்த நீரஜாவிடம் அம்மா முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"உன்னோடதையும் வெச்சுட்டேன். ஆத்துல எல்லாரோடதும் இருக்கு. அது மட்டும் ஏன் தனியாக் கிடக்கணும்?"

நீரஜா விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆகும் வரை யாரும் தொடக்கூடாது. அதுவும் வெள்ளிக்கிழமை. என் அம்மா இதிலெல்லாம் இம்மிகூட விட்டுக்கொடுக்காதவள். நீரஜா ஊருக்குப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். பின்கட்டில் கிடந்தது ஏதோ உதிரி சாமான் என்று நினைத்துவிட்டாள். மூன்று வருஷம் அந்தச் சைக்கிளைப் பார்க்காமலே இருந்தவளுக்கு, இப்போது அதில் எது இல்லை என்று எப்படித் தெரியும்?

ஆரத்தி முடிந்ததும் அம்மா சமையலறைக்குப் போனாள். சாஸ்திரமாவது மண்ணாவது என்று மணைப் பக்கம் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ!" என்றாள் நீரஜா.

"ரயிலை விடப்போறியா?"

"விட்டா விட்டுட்டுப் போறது. அம்மா இன்னிக்குத்தான் அதைப் பார்த்திருக்கா."

சொன்னாளே தவிர, முகம் செத்துப்போயிருந்தது. பாயசத்தைத் தொடவில்லை. மணைக்கு எதிரே சுவரில் சாய்ந்து அந்த இரண்டு வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கூடத்தைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அம்மா காபியோடு வந்தாள். "ஏண்டி, கிளம்பலையா?"

"இல்லைம்மா."

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. படபடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா பின்கட்டுக்குப் போய், முன்கால் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பி வந்து நீரஜாவிடம் கேட்டாள்.

"நீயே எடுத்திருக்கலாமே?"

"நீங்க வெச்சது."

அம்மா பூஜைக்கு முன்னால் நின்று கைகூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு குனிந்து குழாய்களையும் ஸ்பேனர்களையும் நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு சீல்களையும் எடுத்தாள்.

"நான் வெச்சேன், நானே எடுக்கறேன். ஏதாவது வந்தா என்னைத்தான் சேரணும்." ஒரு சீலைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் குங்குமம் ஒட்டிண்டிருந்தா என்னாகும்?"

சமாதானத்துக்காகப் பொய் சொல்லும் பழக்கம் நீரஜாவிடம் கிடையாது. "ஒரு பொடி இருந்தாலும் குழாயைக் கீறிடும்மா. எண்ணெய் இறங்கும். பிரேக் பிடிக்காது."

அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் அலசினாள், துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரப்பர் மடிப்புக்குள் இன்னும் சிவப்பு தெரிந்தது. ஹேர்பின்னில் பஞ்சு சுற்றித் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாக வரும் வரை விடவில்லை. குழாய்களையும் அவளே துடைத்தாள்.

நீரஜா சீலைக் குழாய் வாயில் வைத்து, மேலே பிளாஸ்டிக் பைப் துண்டை நிறுத்தி, சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கோணலாக இறங்கினால் ரப்பர் கிழியும். கிழிந்தால் பம்பாய்தான். முதல் சீல் நேராக உட்கார்ந்தது. இரண்டாவது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபக்கம் தட்டினாள். உட்கார்ந்தது. அம்மாவின் மருந்து அவுன்ஸ் கிளாஸால் எண்ணெய் அளந்து ஊற்றினோம். ஆட்டோவில் சைக்கிளைத் திணித்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் பறந்து, லக்கேஜ் வேனின் கதவைச் சாத்தும் நேரத்தில் ஏற்றினேன்.

அதோடு எனக்கு நிம்மதி. அம்மாவுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. மறுநாள் வெறும் மணைக்குப் புனர்பூஜை பண்ணினாள். இலை முன்னால் உட்கார்ந்து இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாள். எங்கள் கண்ணுக்கு ஒரே ஒரு பஞ்சு இழை தப்பியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நான் எழுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து நீரஜாவின் குரல் எனக்கே கேட்டது. அம்மா ஹலோகூடச் சொல்லவில்லை.

"பிரேக் பிடிச்சுதாடி?"

"பிடிச்சுதும்மா. ஒரு சொட்டுகூட இறங்கலை."

அம்மா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எத்தனாவதாக வந்தாய் என்று நான்தான் கேட்டேன். பதினொரு பேரில் ஒன்பதாவது என்றாள். அம்மாவுக்குச் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனால், அவள் ஏற்கெனவே இலையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.